சாயத் தொட்டியில் மண்

ஆய்வுகூடத்தில் மதியத்துக்குப் பிறகு எனக்குக் கண் எரியத் தொடங்கும். காலையில் வரிசையில் நின்றவர்களின் விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத் துளிகளைக் கண்ணாடித் தகடுகளில் இழுத்து, காயவிட்டு, சாயம் ஊற்றி, கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பவை எப்போதும் அவையேதான்: வெள்ளணுக்களில் எந்த வகை கூட, எந்த வகை குறைய, சிவப்பணுக்களின் அளவு, நிறம், மலேரியாக் கிருமி உண்டா, இல்லையா. எழுதி, கையெழுத்து வைத்து, அடுத்த தகடு. ஆளின் பெயரை நான் பார்ப்பதில்லை. ஓரத்தில் எழுதியிருக்கும் இலக்கம் போதும். எழுபதுகளின் நடுப்பகுதியில் அந்த ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே இருந்தோம். தகடுகள் மட்டும் குறைந்ததில்லை.

ஒரு தகட்டின் ஆளை மட்டும் எனக்குத் தெரியும். விரலைக் குத்தியதும் நான்தான். அக்காவின் மகள், நான்கு வயது.

அக்கா அவளை வடகரையிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்திருந்தாள். பிள்ளை வெளிறிப் போயிருந்தாள். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வாய்க்கால் ஓரத்து மண்ணை யாரும் பார்க்காதபோது அள்ளித் தின்பாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியிடம் போய்க் கசாயம் வாங்கிக் கொடுத்தாயிற்று. இரும்புச்சத்து மருந்து ஒரு போத்தல் முடிந்து அடுத்ததும் முடியப் போகிறது.

"நீ ஒருக்கா வடிவாப் பார் தங்கச்சி. மற்றவை பார்த்தது காணும்" என்றாள் அக்கா.

வடிவாகப் பார்த்தேன். சிவப்பணுக்கள் சிறுத்து, நிறம் குன்றியிருந்தன. அது எதிர்பார்த்ததுதான், எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் சில அணுக்களுக்குள் பொடி நீலப் புள்ளிகள் தெரிந்தன, மை தெறித்தது போல. சாயம் சரியாக வடியவில்லை என்று நினைத்து இன்னொரு தகடு செய்தேன். அதிலும் இருந்தன. பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு முறை அப்படிக் கண்டிருக்கிறேன். அச்சுக்கூடத்தில் நெடுங்காலம் ஈய எழுத்துக் கோத்த ஒருவரின் இரத்தம் அது.

தகட்டை டொக்டரிடம் கொண்டு போனேன். அவர் நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

"வீட்டிலை ஆரும் ஈயத்தோடை வேலை செய்யினமோ?"

"ஓம். அத்தான்."

"இதுக்குரிய மருந்து இஞ்சை இல்லை. கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும். ஆனால் அங்கை வருத்தத்தை மாற்றிக்கொண்டு வந்து திரும்ப அதே வீட்டிலை விட்டால் ஒரு பிரியோசனமும் இல்லை. எதுக்குள்ளாலை போகுதெண்டு பார்த்து முதலிலை அதை நிப்பாட்டுங்கோ. பேந்து ஒருக்கா இரத்தம் பார்ப்பம். குறையாட்டி அனுப்புவம்."

அக்கா கொழும்புக்குப் போனதில்லை. அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை. அவள் டொக்டர் சொன்ன மற்றதை எல்லாம் விட்டுவிட்டுக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"குறையுந்தானே? நீ சொல்லன், குறையுந்தானே?"

நான் நல்லூரில் ஓர் அறை எடுத்து இருந்தேன். அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து அங்கிருந்து பஸ் ஏறினேன். வல்லை வெளியில் காற்று பஸ்ஸைத் தள்ளும். வேலை முடிந்து போகும் நாளில் அந்த இடத்தில்தான் எனக்கு நித்திரை வரும். உடுப்பிட்டியில் இன்னொரு பஸ் பிடித்து, இறங்கி, கடல் பக்கம் போகும் ஒழுங்கையில் நடந்தால் அக்கா வீடு. கல்யாணம் கட்டி அவள் அங்கே போனதிலிருந்து எத்தனையோ தடவை போன வீடு. இந்த முறைதான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அத்தான் கடற்தொழில் செய்த குடும்பம். அவர் கடலுக்குப் போவதை விடவும் கூடுதலாகச் செய்தது, வலையின் அடிக் கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டு வார்ப்பது. அந்தக் கரையில் பாதி வலைகள் அவருடைய குண்டுகளின் பாரத்தில்தான் கடலில் நின்றன. இறக்குமதி எல்லாம் இறுக்கப்பட்டிருந்த காலம். கடையில் ஈயம் கிடையாது. ஆனால் லொறிகளிலும் இயந்திரப் படகுகளிலும் செத்துப்போன பற்றறிகள் இருந்தன. அவற்றின் உள்ளே ஈயத் தகடுகள் இருந்தன. குடாநாடு முழுவதும் பழைய சாமானை எறியாமல் பிழைக்கப் பழகியிருந்தது. அத்தானும் பழகியிருந்தார்.

வேலை இப்படி நடந்தது. பற்றறியின் வெளிக்கோதைக் கோடரிப் பிடங்கால் உடைப்பது. உள்ளே இருக்கும் அமிலத்தை வேலியோரம் ஊற்றுவது. தகடுகளை எடுத்துக் கிணற்றடியில் வைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. கழுவாமல் உருக்கினால் தெறிக்கும். பிறகு இரும்புச் சட்டியில் பன்னாடையும் சிரட்டையும் எரித்து உருக்கி, மேலே மிதக்கும் சாம்பல் போன்றதை வழித்து எறிந்து, களிமண் அச்சுகளில் ஊற்றுவது. உடைந்த கோதுகள் கிணற்றுக்கு அப்பால் இருந்த சீமெந்துத் தொட்டிக்குள் கிடந்தன. பருத்தி வலைக்கு மரப்பட்டைச் சாயம் ஏற்றிய காலத்தில் கட்டிய தொட்டி அது. நைலோன் வலை வந்த பிறகு அதற்கு வேறு வேலை இல்லை.

தகடு கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், உடுப்புத் தோய்த்த தண்ணீர் எல்லாம் ஒரே வாய்க்காலில் ஓடின. பாதி கிணற்றுக்கட்டின் வெடிப்புகளால் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கியது. மீதி வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் போனது. வாய்க்கால் ஓரத்தில் சிரட்டை ஒன்றை வைத்து அக்காவின் மகள் மண்ணில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பிட்டு வைத்தாள். மற்றதைத் தன் வாய்க்குக் கிட்டக் கொண்டு போனபோது கையைப் பிடித்தேன். அவள் என்னைக் கடித்தாள்.

அத்தான் குண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டே சிரித்தார். "டொக்குத்தர் மச்சாள் வந்திட்டா. ஆரைக் குத்தப் போறா இண்டைக்கு?"

அவர் சிரித்தபோது முரசை, பல் ஈறைப் பார்த்தேன். பல்லோடு சேரும் இடத்தில் கருநீலமாக ஒரு கோடு.

"அத்தான், வாயைத் திறவுங்கோ."

"என்ன, என்ரை பல்லுக்கும் இலக்கம் போடப் போறியளோ?"

"அந்தக் கோடு எப்ப தொடக்கம்?"

"உது வெத்திலைக் கறை."

"வெத்திலைக் கறை சிவப்பு. இது நீலம். உங்கடை உடம்புக்குள்ளை ஈயம் இருக்கு. பிள்ளையின்ரை உடம்புக்குள்ளையும் இருக்கு."

அவர் சிரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "நான் எத்தினை வரியமா உருக்கிறன். செத்தா போனன்? பிள்ளை சட்டிக்குக் கிட்ட வாறேல்லை. நான் விடமாட்டன்."

"சட்டிக்குக் கிட்ட வரத் தேவையில்லை. இஞ்சை கிணத்தடியிலை இருந்தாக் காணும்."

கிணறு என்ற சொல்லைச் சொன்னதுதான் தாமதம், வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பின்வீட்டு அக்கா வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அந்தக் கிணற்றில் நான்கு வீட்டுக்குப் பங்கு. சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் உவர். ஒழுங்கையில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அது ஒன்றுதான்.

"தங்கச்சி, படிச்சபிள்ளை எண்டாலும் பார்த்துக் கதைக்க வேணும். எங்கடை கிணத்துக்குப் பழி சொல்லாதையும். இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் என்ரை ஆறும் வளர்ந்ததுகள்."

"பழி சொல்லேல்லை அக்கா. பார்த்திட்டுச் சொல்லுறன்."

கிணற்றின் மேல் தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்தேன். அத்தான் இறங்கி அடியிலிருந்து கொஞ்சம் சேறு எடுத்துத் தந்தார். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனேன். கொண்டக்டர், "என்ன தங்கச்சி, தீர்த்தமோ?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை வேலை முடிந்தபின், பள்ளிக்கூட இரசாயனத்தில் படித்த சோதனையைச் செய்தேன். தண்ணீரில் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசல் சில துளி விட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. சேற்றைத் தண்ணீர் விட்டு ஐதாக்கிய அமிலத்தில் கலக்கினேன். சுண்ணாம்பு கலந்த சேறு, நுரைத்துப் பொங்கியது. அடங்கியதும் வடித்து அதே துளிகளை விட்டேன். மஞ்சள். சந்தேகத்துக்கு இடமில்லாத, குங்குமத்துக்குப் பக்கத்தில் வைக்கும் மஞ்சள்.

எங்கள் தண்ணீர் கல்லுக்குள் கிடந்து வரும் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது அதனால்தான். ஈயம் அதில் இலகுவாகக் கரையாது. சேற்றோடு சேர்ந்து அடியில் இருந்துவிடும். வாளி போய்க் கலக்கும்போது கொஞ்சம் மேலே வரும். ஆகவே செய்ய வேண்டியவை: கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளுவது, கிணற்றுக்கட்டைப் பூசுவது, தகடு கழுவுவதை அங்கிருந்து அகற்றுவது. அடுத்த கிழமை போய் இதைத்தான் சொன்னேன். தண்ணீரில் பிழை இல்லை என்றதும் பின்வீட்டு அக்காவின் முகம் மலர்ந்தது. கிணறு இறைக்கும் நாளைக் குறிப்பதற்கு அவரே முன்னுக்கு நின்றார். அத்தான் சட்டியையும் அச்சுகளையும் கடற்கரைக்குக் கொண்டு போக ஒத்துக்கொண்டார், முணுமுணுத்தபடி.

"அங்கை கழுவுற தண்ணி கடலுக்குத்தானே போகும்" என்றேன்.

"கடல் பெரிசு மச்சாள்."

நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

கிணறு இறைத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் கடமை. மிசின் வைத்து இறைத்தார்கள், நான்கு வீட்டு ஆம்பிளைகளும் இறங்கினார்கள், அடிக்கல் தெரியத் தெரியச் சுரண்டினார்கள் என்று அக்கா பிறகு சொன்னாள். நான் நிம்மதியாக இருந்தேன். இரண்டு மாதம் போகட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார், போனது.

இரண்டாவது தகட்டில் நீலப் புள்ளிகள் குறையவில்லை. கூடியிருந்தன.

வெளியே வாங்கில் அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் சொன்னதும், "நான் ஒரு குறையும் விடேல்லையே" என்றாள். "கிணறு இறைச்சாச்சு. அவர் வீட்டிலை உருக்கிறேல்லை. பிள்ளையை மண்ணிலை விடுறேல்லை. ஒவ்வொரு நாளும் கீரை."

டொக்டரிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என்னுடைய அலுப்பைப் போன்ற ஒன்றுதான் இருந்தது. "ஒரு மாசம். அதுக்கு மேலை என்னாலை ஏலாது" என்றார்.

அன்று பின்னேரமே அவர்களோடு பஸ் ஏறினேன். பிள்ளை வழி முழுவதும் என் தோளில் நித்திரை. போய்ச் சேர்ந்ததும் அக்கா என்னை நேரே கீரைப் பாத்திக்குக் கூட்டிப் போனாள், நான் தேறும்படி நல்லது ஏதாவது காட்டுவதற்காக.

"பார், எப்பிடி மதமதெண்டு நிக்குது."

நின்றதுதான். முளைக்கீரை, பொன்னாங்காணி, ஓரமாக வல்லாரை. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சை. பாத்தி முன்பு பார்த்ததை விட உயரமாக இருந்தது. மண் சாம்பல் கலந்த கறுப்பு.

"இது எங்கத்தை மண்?"

"கிணத்துச் சேறுதான். வேறை என்ன?"

கிணறு இறைத்தால் சேறு கீரைக்கும் வாழைக்கும். எங்கள் ஊர்களில் இதை ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சோறு வடித்தால் கஞ்சி மாட்டுக்கு என்பது போல. பங்குக் கிணறு என்றால் சேற்றுக்கும் பங்கு உண்டு. ஆளுக்கொரு குவியலாகப் பிரித்து எடுத்துப் போவார்கள்.

"நாலு பங்கிலை ஒரு பங்குதானே உங்களுக்கு?"

"ஓம். மற்ற மூண்டு பங்கையும் நாங்கள்தான் குடுத்தனாங்கள்" என்று பின்வீட்டு அக்கா வேலிப் பொட்டில் நின்றே சொன்னார், குரலில் கொஞ்சம் பெருமையோடு. "உம்மடை அக்கா பிள்ளைக்கு இரத்தம் இல்லையெண்டு அழுதுகொண்டு திரிஞ்சா. கீரை தின்னட்டும், இரத்தம் ஊறட்டுமெண்டு எங்கடை பங்கையும் இஞ்சை கொட்டச் சொன்னனாங்கள். மற்ற ரெண்டு வீட்டாரும் அப்பிடித்தான். எங்கடை கத்தரி காஞ்சு போய் நிக்குது, பாரும்."

நான் பாத்திக் கட்டில் குந்தினேன். எல்லாருடைய பங்கும் ஒரே பாத்தியில். அந்தப் பாத்திக் கீரை ஒரே வாயில். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லத் தெரிந்த விதத்திலேயே சொன்னேன்: ஈயம் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, வேரால் கொஞ்சம் ஏறும், இலையில் ஒட்டிய மண்ணோடு அதை விடக் கூடுதலாகப் போகும்.

அக்கா பாத்திக்குள் இறங்கி முளைக்கீரையைப் பிடுங்கத் தொடங்கினாள். பிடுங்கி, பிடுங்கி, மடியில் சேர்த்தாள். மடி நிறைந்த பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"தின்னமாட்டன் எண்டு கத்தினவள்" என்றாள். "மூக்கைப் பொத்தித் தீத்தினனான்."

பின்வீட்டு அக்கா பொட்டுக்குள்ளால் வந்து அவளுடைய மடியிலிருந்து கீரையை வாங்கினார்.

மண்ணை அள்ளி எடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் விளங்கியது. எங்கே கொட்டுவது என்பதில்தான் அடுத்த நாள் முழுவதும் போனது. அத்தான் கடற்கரை என்றார். அங்கே வலை காயப்போடுவார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள். ஒழுங்கை முடிவில் பள்ளம் ஒன்று உண்டு. மழைக்கு அது நிறைந்து, கல்லுக்குள்ளால் இறங்கி, யாருடைய கிணற்றில் எழும் என்று சொல்ல முடியாது. எங்கள் நிலம் அப்படிப்பட்டது. மேலே ஒரு முழம் மண். கீழே துளை துளையான சுண்ணாம்புக் கல். அதற்குள் எல்லா வேலிகளையும் தாண்டி எல்லாக் கிணறும் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டிருக்கும். எரிக்கலாமே என்றார் பின்வீட்டு அக்கா. ஈயம் எரிந்து தீராது என்றேன்.

"அப்ப உதை என்னதான் செய்யிறது?" அத்தானுக்கு ஆத்திரம் வந்தது. "எறிய ஏலாது, எரிக்க ஏலாது, புதைக்க ஏலாது. உம்மடை படிப்பிலை இதுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லையே?"

"இல்லை அத்தான். கண்டுபிடிக்கத்தான் சொல்லித் தந்தவை."

அவர் வாளியை எறிந்துவிட்டுப் போனார். போனவர் சாயத் தொட்டியடியில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அதற்குள் இறங்கி, உடைந்த பற்றறிக் கோதுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, கையால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இது ஒழுகாது. இதுக்குள்ளை நிண்ட சாயம் ஒரு சொட்டு வெளியாலை போனதில்லை."

பாத்தி மண், வாய்க்கால் ஓரத்து மண், வேலியோரம் அமிலம் ஊற்றிய இடத்து மண், எல்லாவற்றையும் கல் தெரியும்வரை சுரண்டித் தொட்டிக்குள் போட்டார்கள். கீரையும் போனது. நான்கு வீட்டாரும் வந்தார்கள். தங்கள் பங்கை எடுக்க வந்ததைப் போலவே, கடகமும் மண்வெட்டியுமாக. மேலே சீமெந்துத் தட்டுப் போட்டு மூடினார்கள். பாத்தி இருந்த இடம் வெள்ளைக் கல்லாகக் கிடந்தது. அதற்குத் தோட்டக்காணி ஒன்றிலிருந்து செம்மண் ஒரு வண்டில் வந்தது. பிள்ளைக்கான கீரையைச் சந்தையில் வாங்கினார்கள்.

மூன்றாவது தகட்டைக் காலையில் செய்துவிட்டு, மற்ற எல்லாத் தகடுகளும் முடியும்வரை பார்க்காமல் வைத்திருந்தேன். பார்த்தபோது புள்ளிகள் இருந்தன, குறைவாக இருந்தன. சாயம் சரியா என்று இன்னொன்று செய்து பார்த்தேன். குறைவுதான். டொக்டர் "ம்" என்றார். கொழும்புக்கு அனுப்பவில்லை. ஒரு வருடத்துக்கு மேல், மாதத்துக்கு ஒரு தடவை அவள் விரலைக் குத்தினேன். "சின்னம்மா, இண்டைக்கும் குத்துவியளோ?" என்று என்னைக் கண்டதும் இரண்டு கையையும் சட்டைக்குள் ஒளிப்பாள். கடைசியில் புள்ளி இல்லாத ஒரு தகடு வந்தது.

அத்தான் கடற்கரையில் உருக்கிக்கொண்டுதான் இருந்தார். எழுபதுகளின் கடைசியில் இறக்குமதி திறந்து, கடையில் வார்த்த குண்டு வந்தபிறகுதான் நிறுத்தினார். என் சொல்லுக்காக அல்ல. முரசில் அந்த நீலக் கோடு இன்னும் இருக்கிறது. வலக்கை மணிக்கட்டில் பிடிப்புக் குறைவு; தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால்தான் தூக்குகிறார்.

அக்காவின் மகள் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். மற்றப் பாடங்கள் பரவாயில்லை. கணக்கு மட்டும் ஏறவில்லை. ஒரு வாய்பாட்டை இன்று படித்தால் நாளைக்கு இல்லை. அது அந்த ஈயமா, அல்லது கணக்கைக் கண்டால் ஓடும் அத்தானுடைய மண்டையா என்று எந்த நுணுக்குக்காட்டியும் சொல்லாது. அக்கா அதைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. நான் அங்கே நிற்கும் நாட்களில் அவளை என்னோடு இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்வாள். அவ்வளவுதான்.

போகும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது தொட்டியைத்தான். அக்கா அதன் மேல் மிளகாய் காயப்போடுவதில்லை. வேறு எதுவும் வைப்பதில்லை. போன மாரி முடிந்தபின் நான் போனபோது தட்டின் மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து முளைக்கீரைக் கன்று ஒன்று, இரண்டு இலையோடு, கரும்பச்சையாக.

நான் குனிவதற்கு முன் அக்கா அதைப் பிடுங்கிவிட்டாள். வேரில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பாத்தியையும் வாழையடியையும் வேலியையும் பார்த்தாள்.

"தங்கச்சி, உதை எங்கை எறியிறது?"

"சீமெந்து கிடக்கோ?"

"கொஞ்சம் இருக்கும்."

கன்றை வேரோடு வெடிப்புக்குள்ளேயே திரும்பத் தள்ளினோம். அக்காவின் மகள் பார்க்க வந்தாள். தள்ளி நிற்கச் சொன்னேன். அக்கா சீமெந்தைக் குழைத்தாள், நான் பூசினேன்.